குவிமாடங்களுக்கு நடுவில் இருக்கும் தரை



தில்லியில் குடியிருக்கும் தமிழர்களிடம் லோதித் தோட்டத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களில் அங்கே போகாதவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். டிசம்பர், ஜனவரியில் வெயில் காயப் போயிருப்பீர்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் குதுப் மினார், செங்கோட்டை எல்லாம் காட்டி முடித்து, இனி நடக்க முடியாது என்று அவர்கள் சொன்னதும், இங்கே புல்தரையில் உட்கார வைத்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருப்பீர்கள். லோதி எஸ்டேட்டில் இருக்கும் நம் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அவ்வளவு பழகிய இடம்.

பழகிய இடம் என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது. அங்கே போனதும் நம் கண் நேராகக் குவிமாடத்துக்குப் போகிறது. படம் எடுக்கிறோம். யாருடைய கல்லறை என்று பலகையில் படிக்கிறோம். பிறகு நிழல் தேடிப் போய்விடுகிறோம். ஒரு குவிமாடத்துக்கும் அடுத்த குவிமாடத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கும் தரை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கட்டடங்களின் வரலாற்றைவிட அது நமக்கு நெருக்கமானது, கொஞ்சம் வலிக்கக்கூடியதும்கூட.

சுல்தான்கள் போட்ட தோட்டம் இது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்நூறு வயது தாண்டிவிட்டது. நாம் நடக்கிற தோட்டத்துக்கு இன்னும் நூறு வயதுகூட நிறையவில்லை. 1936 ஏப்ரல் 9 அன்று அது திறக்கப்பட்டது. இந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் கட்டடங்கள்.

லோதி சாலைப் பக்கம் நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது முகம்மது ஷாவின் கல்லறை. இவர் லோதி வம்சத்தவர் அல்லர். அதற்கு முந்தைய சையது வம்சத்தவர். 1398-இல் தைமூர் தில்லியைச் சூறையாடிவிட்டுப் போனபிறகு, ஆள்வதற்கு அதிகம் மிச்சமில்லாத ஒரு தலைநகரை 1414 முதல் 1451 வரை வைத்திருந்தவர்கள் சையதுகள். அந்த வறுமை கட்டடத்தில் தெரியும். பளிங்கு கிடையாது. உள்ளூர்க் கருங்கல்லை உடைத்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். இருந்தாலும் அளவு பிசகாத அழகு. எட்டுப் பட்டை வடிவம். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று வளைவுகள். நடுக்கூடத்தைச் சுற்றி ஒரு தாழ்வாரம். மேலே பெரிய குவிமாடம், அதைச் சுற்றி எட்டுச் சத்ரிகள், அதாவது தூண்கள் தாங்கும் சின்னக் குடை மண்டபங்கள். மூலைகளில் இருக்கும் சாய்வான முட்டுச்சுவரை அடுத்த முறை கையால் தொட்டுப் பாருங்கள். கோட்டைச் சுவர்போலக் கீழே பருத்து, மேலே போகப் போகக் குறுகும். துக்ளக் காலத்துக் கொத்தர்களின் கைப்பழக்கம் அது. வம்சம் மாறியும் கொத்தர்கள் மாறவில்லை. 1444 வாக்கில் மகன் ஆலம் ஷா கட்டியது இது. அந்த மகன் பிறகு தில்லியே வேண்டாம் என்று பதாயூனுக்குப் போய்விட்டார். 1451-இல் பஹ்லூல் லோதி அரியணைக்கு வந்தார்.

இந்த எட்டுப் பட்டை வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெற்கத்தியர்களான நமக்கு நான் கட்டாயம் சொல்ல வேண்டும். தில்லியில் இந்த வடிவில் எழுந்த முதல் கல்லறை நிஜாமுத்தீன் குடியிருப்புக்குள் இருக்கிறது. 1368 வாக்கில் கட்டியது. அதில் கிடப்பவர் கான்-இ-ஜஹான் திலங்கானி, பெரோஸ் ஷா துக்ளக்கின் பிரதம அமைச்சர். பெயரே சொல்வதுபோல அவர் தெலங்கானத்துக்காரர். காகதீய நாடு வீழ்ந்தபோது தில்லிக்கு வந்து, மதம் மாறி, அமைச்சராக உயர்ந்தவர். அவருக்குக் கட்டிய வடிவத்தைத்தான் அடுத்த நூற்றாண்டின் சுல்தான்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். முபாரக் ஷா, முகம்மது ஷா, சிக்கந்தர் லோதி என்று வந்து, ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் இருக்கும் ஈசா கான் வரை, பீகாரில் சசாராம் ஏரிக்கு நடுவில் நிற்கும் ஷேர் ஷா வரை இந்த மரபு போயிருக்கிறது.

எட்டுப் பட்டை பெரும்பாலும் அரசர்களுக்கு, சதுரம் பிரபுக்களுக்கு என்பது அந்தக் கால வழக்கம். தோட்டத்தின் நடுவில் நிற்கும் படா கும்பத், அதற்கு எதிரே சற்றுத் தள்ளி நிற்கும் ஷீஷ் கும்பத் இரண்டும் சதுரம். சதுரமாக இருந்தாலும் உயரத்திலும் மிடுக்கிலும் அரசர் கல்லறையை மிஞ்சி நிற்கின்றன. காரணம் உண்டு. லோதிகள் ஆப்கானியர்கள். அவர்களுக்குள் சுல்தான் என்றால் சமமானவர்களில் மூத்தவர், அவ்வளவுதான். பஹ்லூல் லோதி அரியணையில் தனியாக அமராமல் பிரபுக்களோடு ஒரே விரிப்பில் உட்கார்ந்தவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்படிப்பட்ட அரசில் பிரபுக்கள் தங்களுக்குப் பெரிதாகக் கட்டிக்கொள்ளத் தயங்கவில்லை. தில்லி முழுவதும் ஊர்பேர் தெரியாத சதுரக் கல்லறைகள் சிதறிக் கிடப்பது இதனால்தான். ஷீஷ் கும்பத்துக்குள் பல கல்லறைகள் இருக்கின்றன; யாருடையவை என்று உறுதியாகத் தெரியவில்லை. வெளிச்சுவரில் நீல ஓடுகளின் பட்டை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழுச்சுவரும் அப்படி மின்னியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த மிச்சத்தை வைத்து நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படா கும்பத்துக்குள் கல்லறையே இல்லை. பக்கத்தில் இருக்கும் மசூதிக்கு அதை வாயிலாகக் கட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. வாயிலோ கல்லறையோ, நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் அந்த மசூதி. தோட்டம் முழுவதிலும் ஓர் இடத்தில்தான் அரை மணி நேரம் நிற்கலாம் என்றால் அங்கே நில்லுங்கள் என்பேன். 1494-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்து வளைவுகள். வளைவுகளின் முகப்பு முழுவதும் சுதை வேலை. குரான் வசனங்கள் எழுத்தெழுத்தாக ஓடுகின்றன; எழுத்துக்கு நடுவில் கொடி, கொடிக்கு நடுவில் இலை. சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அது இறுகுவதற்குள் கத்தியால் வெட்டி எடுத்த வேலை இது. தப்பாக ஒரு கோடு விழுந்தால் அழிக்க முடியாது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நல்ல சுண்ணாம்பு கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த வழவழப்பு இங்கே செதுக்கலுக்குள் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் விளிம்பெல்லாம் நிழல் கட்டி நிற்கும்; உச்சி வெயிலில் போனால் இது தெரியாது. அதே சுவரில் கை எட்டும் உயரம்வரை, யாரோ யாரையோ காதலிப்பதாகச் சாவியால் கீறி வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக் கைவேலை மேல் ஐந்து நிமிடக் கிறுக்கல். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்: சுவரைக் கண்ணால் பார், கையில் சாவியோடு நெருங்காதே.

வடக்கே போனால் சிக்கந்தர் லோதி. 1489 முதல் 1517 வரை ஆண்டவர். ஆக்ராவைத் தலைநகர் ஆக்கியவர். கோயில்களை இடித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் காலத்தில்தான் 1512-இல் வடமொழி மருத்துவ நூல்களைத் திரட்டிப் பாரசீகத்தில் ஒரு பெரிய மருத்துவ நூலும் எழுதப்பட்டது. இரண்டும் ஒரே அரசரின் காலம். ஆக்ராவில் இறந்தார், தில்லியில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் இப்ராகிம் கட்டிய அந்தக் கல்லறையும் எட்டுப் பட்டைதான். ஆனால் சத்ரிகள் இல்லை. குவிமாடத்துக்குள் இன்னொரு குவிமாடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்: வெளியே பார்ப்பவருக்கு உயரமாகவும், உள்ளே நிற்பவருக்கு அளவாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த உத்தி பின்னால் ஹுமாயூன் கல்லறையிலும் தாஜ்மகாலிலும் பெரிதாக வளர்ந்தது. கல்லறையைச் சுற்றிச் சதுரமாக மதில். மேற்கு மதிலின் நடுவில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் வைத்து, அந்தச் சுவரையே மசூதியாக்கிவிட்டார்கள்.

இந்த மதிலுக்குள் அன்றைக்கு ஒரு தோட்டம் இருந்தது. பாபர் தம் நினைவுக் குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். 1526-இல் பானிபட்டில் இப்ராகிம் லோதியைக் கொன்றுவிட்டுத் தில்லிக்கு வந்தவர், பஹ்லூல், சிக்கந்தர் இருவருடைய கல்லறைகளையும் தோட்டங்களையும் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறார். மகனைப் போர்க்களத்தில் வீழ்த்திய கையோடு அப்பனின் கல்லறைக்கு வந்து நின்ற மனிதர் அவர். ஆக, சுல்தான்களின் தோட்டம் என்று இங்கே ஏதாவது உண்டு என்றால் அது இந்த மதிலுக்குள் அடங்கிய சதுரம். மிச்சமெல்லாம் பின்னால் வந்தது.

பின்னால் வந்ததற்கு முன்னால் அங்கே ஓர் ஊர் இருந்தது. ஊரின் பெயர் கைர்பூர். பழைய தொல்லியல் பட்டியல்களைப் புரட்டினால், இந்தக் கட்டடங்கள் கைர்பூர் என்ற பெயரின் கீழ்தான் வரும். ஊர் என்றால் வீடு, கிணறு, மாடு, வைக்கோல், பிள்ளைகள், சண்டை, கல்யாணம் எல்லாம்தான். தில்லியைச் சுற்றி இருந்த பழைய கல்லறைகள் பலவற்றிலும் மக்கள் குடியிருந்தார்கள். மாடு கட்டினார்கள், தீவனம் அடுக்கினார்கள். கெட்டியான கூரை, கோடையில் குளிர்ச்சி. ஆள்பவர்கள் கைவிட்டுப் போன கட்டடத்தை ஊரார் வீணாக விடவில்லை.

1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து இந்த ஊர்களுக்குக் கெட்ட காலம். ராய்சினா என்ற ஊர் இருந்த குன்றின் மேல்தான் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கிறது. மால்சா என்ற ஊர்க்காரர்கள் இன்றைய அரியானாவில் சோனிபட் பக்கம் போய்க் குடியேறினார்கள். மால்சாவின் பெயர் இன்று தூதரகங்கள் பக்கத்தில் ஒரு சாலைப் பெயராக இருக்கிறது. கைர்பூரின் முறை 1930-களில் வந்தது. ஊரை எடுத்துவிட்டார்கள். மண்ணை நிரவிப் புல் போட்டார்கள். வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயரில் பூங்கா திறந்தார்கள். லேடி வெலிங்டன் பூங்கா என்றும், திறந்த தேதியும் பழைய வாயிலின் கல்லில் இன்றும் இருக்கின்றன.

இந்த வெலிங்டன்களை நாமும் அறிவோம். பிரபு 1919 முதல் 1924 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். சென்னைக் கடற்கரைச் சாலையில் லேடி வெலிங்டன் பெயரில் ஆசிரியர் கல்லூரி இன்றும் நடக்கிறது. தில்லியில் அவர்கள் பெயரில் விமான நிலையம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, இந்தப் பூங்கா இருந்தது. விமான நிலையம் சப்தர்ஜங் ஆகிவிட்டது, மருத்துவமனை ராம் மனோகர் லோகியா ஆகிவிட்டது, பூங்கா 1947-க்குப் பிறகு லோதித் தோட்டம் ஆகிவிட்டது. 1936 ஏப்ரல் 9-இல் பூங்கா திறந்த வைஸ்ராய் அதே மாதம் 18-ஆம் தேதி பதவியைவிட்டுப் போனார். போகிற அவசரத்தில் திறந்த பூங்கா என்றே எனக்குப் படுகிறது.

சுதந்திரம் வந்ததும் பெயரை மாற்றியது நியாயம். ஆனால் மாற்றும்போது யாருடைய பெயரை எடுத்துக்கொண்டோம்? சீமாட்டியின் பெயரை எடுத்துவிட்டு சுல்தானின் பெயரை வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் பல தலைமுறைகள் அந்த மண்ணில் இருந்த கைர்பூரை அப்போதும் யாரும் நினைக்கவில்லை. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களின் நினைவாக ஒரு கல்லைக்கூட நான் அந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

இப்போது நாம் பார்க்கும் தோட்டம் வெலிங்டன் காலத்துப் பூங்காவும் அல்ல. 1968-இல் அதை மறுபடி வடிவமைத்தார்கள். செய்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள்: கட்டடக் கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டைன், நிலவடிவமைப்பாளர் காரெட் எக்போ. ஸ்டைன் 1952-இல் வங்காளத்துப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை கற்பிக்க வந்தவர். பிறகு தில்லியிலேயே தங்கிவிட்டார். தோட்டத்தை ஒட்டி நிற்கும் இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், பக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடம், லோதி சாலையில் இந்தியா ஹேபிடட் சென்டர் எல்லாம் அவர் கைவேலை. அந்த வட்டாரத்துக்கே ஸ்டைனாபாத் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இந்த இருவரும் இந்தியா வருவதற்கு முன்பே, 1940-களில், கலிஃபோர்னியாவில் லதேரா என்ற கூட்டுறவுக் குடியிருப்புக்குச் சேர்ந்து திட்டம் போட்டவர்கள். வெள்ளையரல்லாதவருக்கும் வீடு உண்டு என்று அந்தக் கூட்டுறவு சொன்னதால் அரசு கடன் உத்தரவாதம் கொடுக்க மறுத்தது, திட்டம் நின்றுபோனது. மனிதர்கள் ஒன்றாக வாழும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கவலை லோதித் தோட்டத்தில் தெரியும். ஒரு கல்லறைக்கு நேர்கோடாகப் பாதை போட்டு, இரண்டு பக்கமும் செடி வைத்து, "பார், இதுதான் முக்கியம்" என்று கட்டளையிடவில்லை. பாதைகள் வளைந்து போகின்றன. மூங்கில் புதரைத் தாண்டினால் ஒரு குவிமாடம் எட்டிப் பார்க்கும். நான்கு அடி நடந்தால் மறைந்துவிடும். குளத்தோரம் போனால் அக்பர் காலத்துப் பாலம், எட்டுத் தாங்கிகள் மேல் ஏழு வளைவுகளோடு நிற்கிறது. ஒரு காலத்தில் யமுனைக்குப் போன ஓடையின் மேல் கட்டியது; இன்று அதன் கீழே தோட்டத்துக் குளத்து நீர். செடிகளுக்காகக் கண்ணாடி வீடு ஒன்றும் கட்டினார்கள். இதெல்லாம் இயற்கையாக அமைந்ததுபோலவே இருக்கும். எல்லாம் போட்ட திட்டம். ஓர் ஊரைத் தூக்கியெறிந்து போட்ட தரையை, எல்லோரும் சமமாக உட்காரும் தரையாக மாற்றியது இந்தத் திட்டத்தின் பெருமை. அந்த இருவருக்கும் நான் மனதார நன்றி சொல்வேன்.

மரங்களைச் சொல்லாமல் போகக்கூடாது. வேம்பு, நாவல், நீர்மருது. பங்குனியில் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவோடு நிற்கும். அதில் தேன் குடிக்க வராத பறவை கிடையாது. மே மாத வெயிலில் சரக்கொன்றை. கல்லறைச் சுவரின் பொந்துகளில் கிளிகள். கொஞ்சம் பொறுமையாக ஆலமரம், அத்திமரம் பக்கம் அண்ணாந்து பார்த்தால் சாம்பல் இருவாச்சியைப் பார்க்கலாம். பறவைக்காகவே விடியற்காலையில் கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நகராட்சி மன்றம் மரங்களில் ஸ்கேன் செய்து படிக்கும் கியூஆர் பலகைகளும் மாட்டியிருக்கிறது. நல்ல வேலை.

நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதை இந்த நாட்டில் ஒரு பெரிய செய்தியாகவே சொல்ல வேண்டும். பக்கத்தில் ஹுமாயூன் கல்லறையை ஒட்டிய சுந்தர் நர்சரியைச் செம்மையாகப் புதுப்பித்து 2018-இல் திறந்தார்கள். அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சீட்டு என்று வந்தாலே வாசலில் தயங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். லோதித் தோட்டத்தில் காலையில் அமைச்சரும் அதிகாரியும் மெய்க்காவலரோடு வேக நடை போகிற பாதையிலேயே, கட்டட வேலைக்காரக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தூக்கோடு வந்து உட்காருகிறது. குளிர்காலத்தில் புல்தரை முழுவதும் ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தொலியும். உரித்துத் தின்றவர்கள் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நன்றாக இருக்கும். வீட்டில் இரண்டு வார்த்தை தனியாகப் பேச இடமில்லாத இளம் காதலர்கள் மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் கீறாதவரை அவர்களை யாரும் விரட்டக்கூடாது என்பது என் கட்சி. இந்த ஒரு விஷயத்தில், இலவசமாகத் திறந்து கிடக்கும் இந்த வாசலில், யார் கை வைத்தாலும் நாம் சேர்ந்து எதிர்க்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

லோதித் தோட்டத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கோட்லா முபாரக்பூர் இருக்கிறது. சவுத் எக்ஸ்டென்ஷன் பக்கம் போகிறவர்கள் அதன் ஓரமாகத்தான் போகிறீர்கள். வீட்டு வேலைக்குக் குழாய், பூட்டு, பெயின்ட் வாங்கவும், கல்யாணத்துக்குச் சரிகை, லேஸ் வாங்கவும் அங்கே போயிருப்பீர்கள். அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால், சந்துக்குள் சந்தாகப் போனால், திடீரென்று ஒரு பெரிய குவிமாடம். முபாரக் ஷாவின் கல்லறை. லோதித் தோட்டத்தில் கிடக்கும் முகம்மது ஷாவுக்குச் சித்தப்பா பெரியப்பா முறை வேண்டும் இவர். 1434-இல் இவர் கொலையுண்ட பிறகுதான் முகம்மது ஷா பட்டத்துக்கு வந்தார். கல்லறையும் உடன்பிறப்புதான்: அதே எட்டுப் பட்டை, அதே தாழ்வாரம், அதே சாய்ந்த முட்டுச்சுவர், சத்ரிகள். சொல்லப்போனால் முகம்மது ஷாவுக்குக் கட்டியவர்கள் இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

ஒரே குடும்பம், ஒரே வடிவம், பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி. ஒன்றைச் சுற்றியிருந்த ஊரை எடுத்தார்கள்; இன்னொன்றைச் சுற்றியிருந்த ஊரை எடுக்கவில்லை. ஊரை எடுத்த இடத்தில் புல்தரையும் குளமும் வாத்தும், உலகம் முழுவதிலுமிருந்து வரும் விருந்தாளிகளும். ஊர் தங்கிய இடத்தில் மாடி மேல் மாடி எழும்பி, நாலாப் பக்கமும் வீடுகள் நெருக்கி, நடுவில் கம்பி வேலிக்குள் கல்லறை. முழுக் கட்டடத்தையும் ஒரே பார்வையில் பார்க்க ஓர் இடம்கூடக் கிடையாது. பால்கனியில் துணி உலர்த்துகிறவர்களுக்கு மட்டும் சத்ரிகள் முகத்துக்கு நேரே தெரிகின்றன.

இதைப் பார்த்துவிட்டு வருகிற பலர் "ஐயோ, நினைவுச்சின்னத்தை இப்படி மறைத்துவிட்டார்களே, இவர்களை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டாமா" என்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். அந்தக் கோட்லாக்காரர்கள் குடியிருந்துகொண்டேதான் அந்தக் கல்லறை இத்தனை நாள் நின்றிருக்கிறது. இன்றைக்குச் சட்டம் அவர்களுக்குப் பாரமாக இருக்கிறது. 2010-இல் திருத்திய சட்டப்படி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைச் செப்பனிடவும் அனுமதி வேண்டும். நெருக்கமான சந்தில் 100 மீட்டர் என்பது எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் தேவைதான், அது இல்லாவிட்டால் தில்லியில் பாதிக் கல்லறைகள் காணாமல் போயிருக்கும். ஆனால் சின்னத்தால் ஒரு நன்மையும் இல்லாமல் தொல்லை மட்டும் வந்து சேர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரன் அந்தச் சின்னத்தின் மேல் எப்படி அன்பு வைப்பான்? கோட்லாப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லறையைப் பற்றி உள்ளூர்ப் பள்ளியில் சொல்லித்தருவது, சுற்றிச் சாக்கடையைச் சரிசெய்வது, வீட்டைச் செப்பனிட அனுமதி கேட்பவரை மாதக்கணக்கில் அலையவிடாமல் இருப்பது, இவையெல்லாம் கல்லைப் பாதுகாக்கிற வேலைகளே. மக்களை அப்புறப்படுத்துவது ஒன்றுதான் பாதுகாப்பு என்று 1936-இல் நினைத்தார்கள். இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

லோதித் தோட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த நகரத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. பிடித்திருப்பதால்தான் அதன் முழுக் கணக்கையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்தத் தரையில் சுல்தான் இருக்கிறார், பெயர் தெரியாத பிரபு இருக்கிறார், கொத்தர் இருக்கிறார், கைர்பூரின் அடுப்பங்கரைகள் இருக்கின்றன, வைஸ்ராய் மனைவி இருக்கிறார், ஸ்டைனும் எக்போவும் இருக்கிறார்கள். இவ்வளவு பேரில் கைர்பூருக்கு அங்கே ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை.

ஆகவே இந்த அவையிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. கைர்பூர் என்ற ஊர் இங்கே இருந்தது, 1936-க்கு முன் அதன் மக்கள் இங்கிருந்து அகற்றப்பட்டார்கள் என்று, இந்தியிலும் உருதுவிலும் பஞ்சாபியிலும் ஆங்கிலத்திலும், தோட்டத்தின் வாயிலிலேயே கண்ணில் படும்படி ஒரு கல் நட வேண்டும். நகராட்சி மன்றத்துக்கும் தொல்லியல் துறைக்கும் நம் சங்கங்கள் சேர்ந்து கடிதம் எழுதலாம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரை இழந்தவர்களுக்காக எழுத நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. அடுத்தது, உங்கள் பிள்ளைகளை லோதித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் நாளிலேயே கோட்லா முபாரக்பூருக்கும் கூட்டிப்போங்கள். காலையில் முகம்மது ஷா, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் முபாரக் ஷா. சந்துக்குள் வழி தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். முபாரக் ஷாவின் மக்பரா எங்கே என்றால் காட்டுவார். கல்லறையைப் பார்த்து முடித்ததும் படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.